சேதி காய்த்த சீத்தா

வீரணாபுரத்து அரசு ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்ற சீத்தா மரம் ஊர்க்காரர்களின் நோய்நொடியையெல்லாம் பழமாகக் காய்க்கத் தொடங்கிய வருஷம், மாவு மில் ஆவுடைத்தங்கத்துக்கு அந்த மரத்தைவிடப் பெரிய விசாரம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்து வருஷம்கூடத் திரும்பாத அவள் மருமகள் செண்பகா எதையோ மறைக்கிறாள் என்பதுதான் அது.

ஆவுடைத்தங்கம் கெட்டவள் என்று யாராவது சொன்னால் சொன்ன வாய்க்குச் சோறு கிடைக்காது. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் தூக்குச்சட்டி ரசம் அவள் வீட்டிலிருந்துதான் போகும். ரசம் போய்ச் சேருமுன் சேதி ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான் குற்றம். மில்லில் பெல்ட் ஓடுகிறபோது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும், அப்படிக் கத்திக் கத்தியே காலம் தள்ளியவளுக்கு மெல்லப் பேசுவது எப்படி என்பதே மறந்துபோயிருந்தது. பச்சரிசி அரைக்க வந்தவள் ஒருத்தி தன் கொழுந்தியாளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பதைக் காதோடு காதாகச் சொன்னால், "யாருக்கு, சரசுக்கா? எத்தன மாசம்?" என்று இவள் கேட்கிற கேள்வி பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும். நாலு பேருக்குத் தெரிந்தால்தானே நாலு பேர் உதவிக்கு வருவார்கள் என்பது அவள் கட்சி.

மரம் ஏன் அப்படிக் காய்த்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள், அதில் ஒன்றும் தேறாது. நடந்ததை மட்டும் சொல்லலாம். ஆஸ்பத்திரியின் உள்ளறையில் புழுக்கம் தாங்காமல் ஞானசுந்தரி சிஸ்டர் தன் மேசையை மரத்தடிக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார். நோயாளிகள் அங்கே வந்து உட்கார்ந்து தங்கள் உடம்பின் கதையைச் சொல்ல, அவர் கேட்டு எழுத, எட்டிக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சிமெண்டு பெஞ்சில் காத்திருப்பவர்கள் மாத்திரைச் சீட்டால் விசிறிக்கொண்டே காதை இந்தப் பக்கம் சாய்த்து வைத்திருப்பார்கள். இப்படியே எத்தனையோ காலம் போனது. ஒரு ஐப்பசி மாதத்து மழைக்குப் பிறகு பார்த்தால், எழுதின தாளெல்லாம் வெள்ளையாக இருந்தது, சிஸ்டரின் தலைக்குள்ளிருந்ததும் துடைத்தாற்போல் போயிருந்தது, அதுவரை ஒரு பிஞ்சுகூட விடாத மரம் கிளை ஒடியக் காய்த்துத் தொங்கியது. மறுபடி கேட்டு மறுபடி எழுதினார்கள். விடிந்தால் தாள் வெள்ளை, மரத்தில் காய் கொஞ்சம் பெரிசு. டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, நன்றாகக் காய்க்கிற மரத்தை வெட்டக் கூடாது என்று பதில் வந்தது.

பிரஷர் மாத்திரை வாங்கப் போன ஆவுடைத்தங்கம்தான் முதல் பழத்தைத் தின்றாள். பழுத்து வெடித்து நின்ற ஒன்றை இழுத்துப் பறித்து, பிட்டு, ஒரு சுளையை வாயில் போட்டு விதையைத் துப்புவதற்குள், தபால்காரர் பரமசிவத்துக்கு மூலம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிக் கேட்டது போலல்ல. தன் பல்வலி தனக்குத் தெரிவது போலத் தெரிந்தது. அடப் பாவமே, அதனால்தான் மனுஷன் சைக்கிளை உருட்டிக்கொண்டே போகிறார் என்று நினைத்தாள், அடுத்த சுளையைத் தின்றாள், சாயங்காலத்துக்குள் பரமசிவத்தின் வீட்டுக்கு மூலத்துக்கு நல்லதென்று கருணைக்கிழங்கு பதினோரு இடத்திலிருந்து வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனது மருந்துக்கா பழத்துக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ருசியான பழம் வேறு. தின்றவர்கள் அடுத்தவர் குடலும் குண்டிக்காயும் தெரிந்தவர்களாகத் தெருவில் நடந்தார்கள், வழியில் கண்டால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு வைத்தியம் சொன்னார்கள். பால்காரர் தங்கையாவின் பழத்தை யாரோ தின்றுவிட, அவருக்குக் காசநோய் என்று ஒரே நாளில் பரவி, மறுநாள் பால் அத்தனையும் கேனோடு திரும்பி வந்தது. ஞானசுந்தரி சிஸ்டர் வீடு வீடாகப் போய், "அவருக்கு நோய் குணமாகி வருஷக்கணக்காச்சுன்னு அவரே இப்பத்தான் சொன்னாரு. அது அடுத்த சுளையில இருந்திருக்கும். நீங்க ஒரு சுளையோட நிப்பாட்டிட்டிய" என்று மன்றாடினார். தெரிந்ததை நாக்கிலிருந்து எடுப்பது யாரால் ஆகும்? தங்கையா தன் பாலைத் தானே காய்ச்சிக் குடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை ஆவுடைத்தங்கமும் பார்த்தாள், ஆனாலும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

இதற்கு நடுவில் அவள் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தாம்பூலத் தட்டில் பழம் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது, மாப்பிள்ளை வீட்டார் வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெரு. ஓடினாள். பழுத்ததைப் பறித்தால்தானே வம்பு, காய் எந்தச் சேதியும் சொல்லாது என்று யோசித்து, கல்லு மாதிரி இருந்த ஒன்றைத் தொட்டாள். இழுக்கக்கூட இல்லை, அது தானாக அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. என்ன லேசா வருது என்று ஆச்சரியப்படவும் நேரமில்லாமல் கொண்டுவந்து தட்டில் வைத்தாள், தட்டு மாறியது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

சீத்தாக்காய் கிடைத்தால் யார் வீட்டிலும் என்ன செய்வார்களோ அதைத்தான் மாப்பிள்ளை வீட்டாரும் செய்தார்கள். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். அது பழுத்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மாசிலாமணி அதைத் தின்றார். பிறகு கல்யாணச் சேலை எடுக்க இரண்டு வீட்டாரும் ஜவுளிக்கடையில் கூடியபோது, ஆளும் பேருமாக நிற்கிற இடத்தில், அந்த நல்ல மனுஷன் ஒரு நாற்காலியை எடுத்துவந்து ஆவுடைத்தங்கத்தின் முன்னால் போட்டார்.

"உக்காரு தங்கச்சி. கர்ப்பப்பை இறங்குன உடம்போட இவ்வளவு நேரம் நிக்கப்படாது. எங்க அக்காளுக்கும் இப்பிடித்தான். கூச்சப்படாம ஆப்பரேஷன் பண்ணிரு."

கடையில் துணி விரித்துக்கொண்டிருந்த பையன் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் கேலி இல்லை, கரிசனம்தான் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. அரிசி டின் தூக்கித் தூக்கி, மகனைப் பெற்ற சில வருஷத்திலேயே இறங்கிப்போன அடிவயிறு அது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, புருஷன் சாகும்வரை அவனுக்கும் தெரியாமல், பெற்ற மகனுக்கும் தெரியாமல், ஞானசுந்தரி சிஸ்டர் ஒருத்தருக்கு மட்டும் சொல்லி அழுதது. தன் பழத்தைத் தன் கையாலேயே பறித்துத் தட்டில் வைத்துச் சபைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆவுடைத்தங்கம் மில்லைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். பரமசிவத்துக்குக் கருணைக்கிழங்கு வந்த மாதிரியே அவளுக்கும் வந்தது. வெந்தயக்கஞ்சி, உளுந்தங்களி, யார் யாரோ கொடுத்த எண்ணெய், எல்லாம் வாசலில் வரிசையாக இருந்தது. ஒவ்வொரு பாத்திரமும் அவளுக்கு ஒரு அடி. செண்பகா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை; பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்தாள், சுடுதண்ணீர் போட்டுக் கொடுத்தாள், சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மில் மூடிக் கிடந்ததில் ஊருக்குத்தான் கஷ்டம். மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. மனசாட்சி உறுத்தியதோ தோள்பட்டை வலித்ததோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆஸ்பத்திரி முற்றத்தில் கூடினார்கள். வெட்டிப்போடலாம் என்றார்கள் சிலர். வெட்டினால் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எதை வைத்துப் பார்ப்பேன் என்று டாக்டரம்மா கையைப் பிசைந்தார். அப்போது முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஆவுடைத்தங்கம் வந்தாள், கூட்டம் வழிவிட்டது.

"மத்த பழத்தையெல்லாம் நான் இழுத்துப் பறிச்சேன். என் பழம் மட்டும் தொட்ட ஒடன வந்திச்சு" என்றாள். வாழ்நாளில் முதன்முறையாக அவள் மெல்லப் பேசியதால் எல்லோரும் நெருங்கி வந்து கேட்க வேண்டியிருந்தது. "அவங்கவங்க பழம் அவங்கவங்க கைக்குத் தானா வரும். இழுத்தாத்தான் வருதுன்னா அது நம்ம பழம் இல்ல. விட்ருங்க."

தங்கையா மரத்தடியில் போய்க் கையை ஏந்தினார். உச்சிக்கிளை ஒன்று தாழ்ந்து வந்து ஒரு பழத்தை அதில் வைத்துவிட்டு நிமிர்ந்தது. ஆவுடைத்தங்கம் அவர் முன்னால் போய் நின்று, நாளையிலிருந்து ரெண்டு படி பால் எனக்கு ஊத்துங்க அண்ணாச்சி என்றாள், அவர் சரியென்றார், அத்தோடு ஊரும் சரியென்றது.

அன்றிலிருந்து வந்த வழக்கம்தான் இன்றைக்கும். பேசுகிறவரைச் சுற்றிப் பனையோலைத் தட்டி வைத்தார்கள், சிமெண்டு பெஞ்சை எட்டுப்பேர் சேர்ந்து நகர்த்தி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டார்கள். பழத்துக்கு உரியவர் எதைச் சொல்ல வேண்டுமென்று நினைத்துத் தொடுகிறாரோ அந்தச் சுளை மட்டும் மேலே எழும்பி வரும். டாக்டருக்கு ஒன்று, மருந்து கொடுப்பவருக்கு ஒன்று, மனசிருந்தால் வீட்டுக்காரிக்கு ஒன்று. தின்ற விதையைச் சிஸ்டர் எண்ணி வாங்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடுவார். சுளை கொடுப்பது ஊரில் ஒரு மரியாதையாகவே ஆகிப்போனது. வாய்விட்டுப் பேசத் தெரியாத தபால்காரர் பரமசிவம் ஒரு நாள் தன் மனைவிக்கு ஒரு சுளையைக் கொடுத்தார், அதைத் தின்றுவிட்டு அவள் அவர் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். என்ன சேதி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதில்லை, கேட்கத் தோன்றவில்லை.

மில்லும் ஓடத் தொடங்கியது. ஆனால் எல்லாவற்றையும் அடக்கப் பழகிய ஆவுடைத்தங்கத்துக்கு ஒன்று மட்டும் அடங்கவில்லை, அது செண்பகாவின் பழம். மருமகள் உண்டாகியிருந்தாள். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள், ஓலைத் தட்டிக்குள் மற்றவர்களைவிட அதிக நேரம் இருந்தாள், கண் கலங்கியபடி வெளியே வந்தாள். தெற்குக் கிளையில் அவள் பழம் இளநீர்க்காய் அளவுக்குப் பெருத்துத் தொங்கியது, அவளோ அதைத் தொடுவதேயில்லை; அத்தையோடு போகும்போது அந்தக் கிளை தாழ வந்தால் அவசரமாக நகர்ந்து நிற்பாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டு, "உன் பொண்டாட்டி என்னத்தயோ மறைக்காடா" என்றாள். "மறைக்கட்டும்மா, அவ பழம்தான?" என்றான் அவன். ஊர் வழக்கம் அவனுக்கும் தெரிந்திருந்தது. முன்னால் ஒரு கல்யாணம் ஆனவளோ, கெட்ட வியாதியோ, இந்தப் பிள்ளை தங்காதோ என்று அவள் உறங்காமல் புரண்டாள். பிள்ளை தங்காதோ என்கிற பயம்தான் பெரிசு. அதைவிடப் பெரிய பயம், செண்பகா போய்விடுவாளோ என்பது; அந்தப் பெண் வந்தபிறகுதான் அவள் வீட்டில் இரண்டாவது தட்டு கழுவப்படுகிறது.

எட்டாம் மாதம், நல்ல மத்தியான வெயிலில், அரிசி டின்னைத் தூக்கி வைத்துவிட்டு நிமிர்ந்த செண்பகா அப்படியே மாவுத் தரையில் சாய்ந்தாள். கை கால் வெட்டியது, பல் கிட்டியது, வாயோரம் நுரை. ஆவுடைத்தங்கம் மோட்டாரை நிறுத்தினாள், அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், உள்ளே பிரசவம் ஒன்று பாதியில் இருக்க டாக்டரம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, டவுன் பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகணும் என்றார். நூற்றியெட்டு வண்டி வந்தது.

"இது கர்ப்பத்துல ரத்தக்கொதிப்பு ஏறி வந்த வலிப்பா, முந்தியே இருந்ததா, அதப் பொறுத்துத்தான் டவுன்ல மருந்து குடுப்பாங்க. என்கிட்ட சொல்லியிருப்பா, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றார் ஞானசுந்தரி சிஸ்டர். அவர் கண் மரத்துக்குப் போனது. ஊர் முழுக்க அங்கே நின்றது, ஒரு கையும் அந்தக் கிளைக்கு நீளவில்லை.

சிஸ்டர்தான் ஸ்ட்ரெச்சரை மரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னார். நினைவில்லாமல் கிடந்த செண்பகாவின் கையைத் தூக்கி மேலே பிடித்தார். தெற்குக் கிளை மெல்ல இறங்கி வந்தது, பழம் அந்தத் துவண்ட விரல்களில் வந்து அமர்ந்தது. சிஸ்டர் அதை எடுத்து ஆவுடைத்தங்கத்தின் இரண்டு கையிலும் வைத்தார்.

"பிரசவம் பாதியில கெடக்கு, என்னால வர முடியாது. இத அங்க பாக்குற டாக்டர் கையில மட்டும் குடுக்கணும். வேற யாருக்கும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கும் இல்ல யக்கா" என்றார்.

வண்டி ஓடியது. டவுன் தொலைவு, வெயிலிலும் குலுக்கலிலும் பழம் வெடித்தது. பால்போல் வெளுத்த சாறு ஆவுடைத்தங்கத்தின் விரலிடுக்கில் இறங்கி, உள்ளங்கையில் தேங்கி, மணிக்கட்டுவரை வழிந்தது. இத்தனை மாதம் உறக்கத்தைத் தின்ற சேதி, வாய்க்கும் கைக்கும் நடுவே ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கூட வந்த ஆம்புலன்ஸ் பையன் செண்பகாவுக்கு மூச்சுக் குழாய் பிடிப்பதில் மும்முரமாக இருந்தான், யாரும் பார்க்கப் போவதில்லை. மாவு வழித்தாலும் குழம்பு தாளித்தாலும் தன்னையறியாமல் விரலை நக்குகிற பழக்கம் அவளுக்கு. கை தானாக ஒரு தடவை மேலே வந்தது.

ஜவுளிக்கடை நாற்காலி அவள் கண்முன் வந்தது. மாசிலாமணி அண்ணாச்சியும் நல்ல மனசோடுதான் தின்றார், நல்ல மனசோடுதான் சொன்னார். செண்பகாவின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் மில் மாவு அப்படியே ஒட்டியிருந்தது. எதுவா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும் தாயி, நீ கண்ண முழிச்சாப் போதும் என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள். கையைத் தன் உடம்பிலிருந்து தள்ளி நீட்டி வைத்துக்கொண்டாள், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மடக்கவேயில்லை.

பெரியாஸ்பத்திரியில் இருந்தது தாடி வைத்த இளவயது டாக்டர். பழத்தைப் பார்த்ததும், "வீரணாபுரமா?" என்று கேட்டுவிட்டு ஒரு கிண்ணமும் ஸ்பூனும் எடுத்துவரச் சொன்னார், அந்த ஊர்க்காரர்களுக்கென்று அங்கே தனியாக வைத்திருந்தார்கள். செண்பகாவின் விரலைப் பழத்தின் மேல் வைத்து, முந்தி வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டார், ஒரு சுளை எழும்பியது. என்ன மருந்து சாப்பிட்டாள், ஏன் நிறுத்தினாள் என்று கேட்டார், இன்னொன்று. ஒத்துக்கொள்ளாத ஊசி ஏதும் உண்டா என்றார், அதற்கும் ஒன்று. தின்றார், தலையாட்டினார், நர்ஸிடம் இரண்டு வார்த்தை சொன்னார், நர்ஸ் கையிலெடுத்திருந்த மருந்தைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

"மிச்சத்த மூடி வைங்கம்மா. எனக்கு வேண்டியது தெரிஞ்சிட்டு. பாக்கி அந்தப் பொண்ணோடது."

சாயங்காலம் குழந்தை பிறந்தது. பெண்; சின்னக் குழந்தை, ஆனால் அழுத அழுகை மாவு மில்லுக்குப் பொருத்தமாக இருந்தது. தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்த சங்கரலிங்கம் குழந்தையைப் பார்த்து நின்றான். ஆவுடைத்தங்கம் மூடிய கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, செண்பகாவின் கட்டில் பக்கத்தில், வலது கையை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

விடிந்து செண்பகா கண் விழித்தபோது முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். சாறு காய்ந்து கறுத்து விறைத்திருந்தது, எறும்பு ஏறிக் கடித்து விரலெல்லாம் தடித்திருந்தது.

"கை கழுவலையா அத்தே?"

"கழுவுனா ஓடையில போயிரும்லா. யாரு குடிப்பாகளோ. உன் சேதி, நீ முழிச்சுச் சொல்லட்டும்னு வச்சிருக்கேன்."

செண்பகா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். சின்ன வயதிலேயே வந்த வலிப்பு, மறைத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள், மாத்திரையைப் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று பயந்து நிறுத்திவிட்டேன் என்று தானாகவே சொன்னாள். சுளை எதுவும் தேவைப்படவில்லை. "போளா கோட்டிக்காரி, உன்ன அனுப்பிச்சிட்டு நான் யாருகூட இருக்க?" என்றாள் ஆவுடைத்தங்கம், அவ்வளவுதான் அதைப் பற்றி அந்த வீட்டில் நடந்த பேச்சு. சங்கரலிங்கம் தண்ணீர்ச் செம்போடு வந்தான், சிரித்தபடி தாயின் கையைக் கிண்ணத்துக்கு மேலேயே வைத்துக் கழுவிவிட்டான்.

"இன்னொண்ணு இருக்கு அத்தே. அது என் வாயால வராது" என்று செண்பகா கிண்ணத்தைத் தொட்டாள். ஒரு சுளை எழும்பி வந்தது. அதை எடுத்து அத்தையின் வாயில் வைத்தாள்.

ஆவுடைத்தங்கத்துக்குத் தெரிந்தது. மாசம் தரித்த உடம்போடு அரிசி டின் ஏன் தூக்குகிறாய் என்று சிஸ்டர் அதட்டிய ஒரு நாள். ஓலைத் தட்டி வருவதற்கும் முந்தி, நிச்சயதார்த்தத்துக்கும் முந்தி. அதற்குச் செண்பகா, பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சிஸ்டரின் காதருகே குனிந்து சொன்ன பதில் அது. எங்க அத்தைக்கு அடிவயிறு இறங்கியிருக்கு, துணி துவைக்கையில தெரிஞ்சுக்கிட்டேன். அவங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைக்காங்க. அதனால எனக்கும் தெரியாது. டின்ன மட்டும் நான் தூக்கிருதேன்.

அவள் விதையைத் துப்ப மறந்து வெகுநேரம் கன்னத்துக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அடுத்த மாதம் அதே பெரியாஸ்பத்திரியில் ஆவுடைத்தங்கம் ஆப்பரேஷன் செய்துகொண்டாள். தனக்கு மறுபடி காய்த்திருந்த பழத்தைத் தானே கொண்டுபோய்த் தாடி டாக்டருக்கு வேண்டிய சுளையைத் தானே எடுத்துக் கொடுத்தாள். மில்லுக்கு டின் தூக்க ஆள் வைத்தார்கள். அவள் திரும்பி வந்து மில் திறந்த அன்று, மிளகாய் அரைக்க வந்த சரசு, மருமகள் ஊட்டிய சுளையில் என்ன இருந்தது என்று மெதுவாகக் கேட்டாள். உள்ளே தொட்டிலில் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தது, செண்பகா மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"இனிப்பா இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு ஆவுடைத்தங்கம் மோட்டாரைப் போட்டாள்.